பழைய வீட்டை இடிக்கும் முன் அதையும் அதிலுள்ள புழங்குபொருட்களையும் எப்படி ஆவணப்படுத்துவது? எந்தக் கமரா வாங்கலாம்?

கமராவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒன்று: வீடு யாருடையது? 'களுவாஞ்சிக்குடியில் உள்ள அம்மம்மா வீடு' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஆண்பிள்ளை என்றுதான் நினைக்கிறேன். பெண்பிள்ளை என்றால் 'என் வீடு' என்றே எழுதியிருப்பீர்கள். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும், நாங்கள் கலியாணம் கட்டி மனைவி வீட்டுக்குப் போகிறவர்கள். பிறந்த வீட்டில் நாங்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசும் விருந்தாளிகள், அவ்வளவுதான்.

இது தெரிந்திருந்தும் மாட்டிக்கொண்டவன் நான்.

எங்கள் வீடு அக்காவுக்குப் போனது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் முன்பாதிக் கூரை பறந்து, பிறகு சீற் போட்டார்கள். பின்பாதியில் அண்மைக்காலம் வரை பழைய நாட்டு ஓடுதான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று அக்கா சொன்னதும் எனக்கு ஒரு வேகம் வந்தது. ஒரு சனிக்கிழமை போனேன், கையில் அளவு நாடா. திண்ணை, உள்ளறை, குசினி என்று அளந்து கொப்பியில் குறித்தேன். அத்தான் வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரவு அக்காவின் போன் வந்தது.

"தம்பி, வளவுல உனக்குப் பங்கு வேணுமெண்டா நேரா கேளு. நாடா புடிச்சி ஏன் அளக்கிறாய்?"

மூன்று மாதம் பேச்சில்லை. 'படித்தவன், முதலில் அனுமதி கேட்டிருக்க வேண்டாமா' என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டேன். படம் எடுக்கக் கேட்டேன், அளக்கக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்தது என் பிழைதான்.

கடைசியில் சமாதானம் செய்தது பக்கத்து வளவில் இருக்கும் பெரியம்மா. அவரும் என்னோடு அக்கா வீட்டுக்கு வந்து பன்பாயில் உட்கார்ந்தார். நான் ஏற்கெனவே எடுத்திருந்த முந்நூறு சொச்சப் படங்களைப் போனில் காட்டினேன். கண் தெரியவில்லை என்று தள்ளிவிட்டார். அப்புறம் வட்டாவைக் கையில் கொடுத்தேன். வெற்றிலை வைக்கும் காலுள்ள பித்தளைத் தட்டம், விருந்தாளிக்கு முன் முதலில் வருவது. அதைப் படத்துக்காக நான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். பெரியம்மா பளபளப்பைக் கவனிக்கவே இல்லை. சட்டென்று கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரலால் தடவினார். "இதுல எழுத்திருக்கும், பாரு மனே." புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்து. அவரின் அம்மம்மாவின் பெயரெழுத்து, சீதனத்தோடு வந்த வட்டாவாம். என்னுடைய படங்கள் எல்லாமே மேற்பக்கம்.

அதோடு நிற்கவில்லை. "கதவுக்குப் பின்னால புள்ளி இருக்குமே?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. உள்ளறைக் கதவின் பின்பக்கம் வெள்ளைக் கறையாக இருந்ததை, படத்தில் அசிங்கமாக விழுகிறது என்று முதல் நாளே ஈரத்துணியால் துடைத்திருந்தேன். அது கறையில்லை. அம்மம்மா கடனாகக் கொடுத்த நெல்லுக்கு, ஒரு மரைக்காலுக்கு ஒரு புள்ளியாகச் சுண்ணாம்பை விரலில் தொட்டு வைத்த கணக்கு. வெற்றிலைக்கு எடுத்த அதே சுண்ணாம்பு. கீழே கைபடாத இடத்தில் ஒன்பது புள்ளி மிஞ்சியிருந்தது. பெரியம்மா ஏசவில்லை. "அந்தக் கடன் எல்லாம் தீந்திட்டு" என்று சிரித்தார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று போனை ரெக்கோட்டில் போட்டுப் பாயில் வைத்துவிட்டேன். நாற்பது நிமிடம். துருவலை, சுளகு, உறி, படிக்கம், கொட்டைப்பெட்டி, மீன் வடிக்கிற அத்தாங்கு என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கப் பேச்சு வந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நெல்லுக் குத்தப் போனது, உலக்கையை யாரும் தாண்டக்கூடாது என்று ஏச்சு வாங்கியது எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கு என் படங்களை யாரும் கேட்பதில்லை, அந்த நாற்பது நிமிடத்தைத்தான் அக்காவின் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

'அத்தாங்கும் உறியும் எல்லா ஊரிலும் உண்டு' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: உண்டு, நான் மறுக்கவில்லை. இங்கே முஸ்லிம் வீடுகளிலும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம், பொருட்களும் பாதிக்கு மேல் ஒன்றுதான். காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள், எங்கள் அம்மம்மா குசினிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. நான் ஆய்வாளன் இல்லை, கைசுட்டவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் உரலின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டேன். ஒரு வாரத்தில் ஏதோ ஒரு பக்கம் அதை எடுத்து, மேலே தங்கள் பெயரை அடித்து, 'யாழ்ப்பாணத்து முற்றம்' என்று போட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் விருப்பம். இது மட்டக்களப்பு உரல் என்று எழுதினேன், 'பிரதேசவாதம் பேசாதீர்கள்' என்று பதில் வந்தது. உரல் எங்களுடையது, முற்றம் எங்களுடையது, மூலையில் தெரிந்த கோழி கூட அக்காவுடையது. சரி, விடுங்கள்.

கமரா வாங்காதீர்கள், கையிலிருக்கும் போன் போதும். பொருளுக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுங்கள், அளவு தெரியும். மேல், கீழ், உள், உடைந்த இடம் என்று எல்லாப் பக்கமும் எடுங்கள். தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். பெயரை, அதைப் புழங்கியவர் வாயால் வந்தபடியே எழுதுங்கள், அகராதிப்படி திருத்தாதீர்கள். வாட்சப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கிற 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் படமும் ஒலிப்பதிவும் கூடச் சேர்க்கிறார்கள், அவர்களோடு பேசிப் பாருங்கள்.

வீட்டை அளந்து வரைபடம் போடத்தான் வேண்டும், அதை விடாதீர்கள். ஆனால் நாடாவின் மறுமுனையை உங்கள் தங்கச்சியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.