பெயரைச் சொன்னால் மட்டும் மணி அடிக்கவில்லை

கேள்வி: பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாசுக்கு ஒரே காரில் வேலைக்குப் போகும் நண்பர்கள், ஐஆர்சி என்னும் இணைய அரட்டையில் ஒரு சேனல் வைத்திருக்கிறோம். அதற்கு நான் பயன்படுத்தும் மென்பொருள் ஹெக்ஸ்சாட். யாராவது ‘பட்டர்வொர்த்’ என்று எழுதினால் மணி அடிக்கும்படி பைத்தானில் ஒரு பிளகின் (துணைநிரல்) எழுதினேன். சிலர் எழுதினால் அடிக்கிறது, சிலர் எழுதினால் இல்லை. என் பெயரும் சேர்ந்து வந்தால் அடிப்பதே இல்லை. பினாங்குப் பாலத்து நெரிசலை ஓர் இணையதளத்திலிருந்து எடுக்கும் வரிகளைச் சேர்த்த பிறகு, திரை அவ்வப்போது உறைந்துபோகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: மூன்றும் வெவ்வேறு நோய்கள்.

பெயர் விவகாரம் எளிது. ஹெக்ஸ்சாட் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது. சாதாரணச் செய்தி ஒரு பெயரில் வரும். உங்கள் பெயர் உள்ள செய்தி ‘ஹைலைட்’ என்று முடியும் வேறொரு பெயரில் வரும். நீங்கள் முதல் வாசலில் மட்டும் காத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஹூக் போடுங்கள், அதாவது அந்த நிகழ்வு வந்ததும் உங்கள் ஃபங்ஷனை அழைக்கச் சொல்லுங்கள். பெயரை நினைவிலிருந்து தட்டாதீர்கள். ஆங்கில அகராதி எழுத்துக்கூட்டலில் அது இல்லை. அமைப்புகளில் ‘டெக்ஸ்ட் ஈவன்ட்ஸ்’ பட்டியலைத் திறந்து, அதில் உள்ளபடியே எழுதுங்கள்.

சிலருக்கு மட்டும் அடிக்காததற்குக் காரணம் ‘வொ’. யூனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். நண்பர்களின் விசைப்பலகைகள் வெவ்வேறு விதமாக எழுதுகின்றன போலும். பைத்தானுடனேயே வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் ‘நார்மலைஸ்’ உண்டு. வந்த செய்தி, தேடும் சொல் இரண்டையும் அதில் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ‘கோலாலம்பூர்’ என்று தேடினாலும் இதே தொல்லை வரும்.

உறைவதுதான் பெரிய சங்கதி. பிளகின் என்பது விருந்தாளி. தனி அறை கிடையாது. திரையை வரைகிற அதே இழையில்தான் (‘த்ரெட்’, நிரல் ஓடும் தடம்) உங்கள் ஃபங்ஷனும் ஓடுகிறது. இணையதளம் பதில் சொல்லப் பத்து விநாடி எடுத்தால், அந்தப் பத்து விநாடியும் சன்னலை யாரும் வரையமாட்டார்கள். டைமருக்குள் வைத்தாலும் கதை அதேதான், டைமரும் அங்கேயே ஓடுகிறது. இணையத்தைத் தொடும் வேலையைத் தனி இழைக்குக் கொடுங்கள். அது கிடைத்ததை ஒரு வரிசையில் போட்டுவிட்டு ஒதுங்கட்டும். 1000 மில்லி விநாடிக்கு ஒருமுறை விழிக்கும் டைமர் அந்த வரிசையைப் பார்த்துத் திரையில் எழுதட்டும். தனி இழையிலிருந்து ஹெக்ஸ்சாட்டின் எந்தக் கட்டளையையும் நேராக அழைக்காதீர்கள், மென்பொருளே விழுந்துவிடலாம். டைமர் ஒவ்வொரு முறையும் ‘ட்ரூ’ திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஒரே முறையோடு ஓய்ந்துவிடும்.

செய்தி ஹூக் எதைத் திருப்புகிறது என்பதையும் பாருங்கள். ‘ஈட் நன்’ என்றால் செய்தி வழக்கம்போலத் திரைக்குப் போகும். ‘ஈட் ஆல்’ என்றால் விழுங்கிவிடும். ஒருமுறை அதை மாற்றி எழுதிவிட்டு, சேனலில் யாருமே பேசவில்லை என்று அரை நாள் நண்பர்களைக் கோபித்துக்கொண்டிருந்தவன் நான்.

2024 பிப்ரவரியில் வந்த 2.16.2தான் ஹெக்ஸ்சாட்டின் கடைசிப் பதிப்பு என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்துவிட்டார்கள். அதனால் சொல் தேடும் பகுதியை, ஹெக்ஸ்சாட்டின் பெயரே வராத தனி ஃபங்ஷனாகப் பிரித்து வையுங்கள். நாளை வீசாட் (WeeChat) என்ற இன்னொரு ஐஆர்சி மென்பொருளுக்கு மாறினால், அங்கேயும் பைத்தான் உண்டு. ஹூக் வரிகளை மட்டும் திருத்தினால் போதும்.