மேடையில் வாசிக்காத பெயர்

கேள்வி: எனக்கு வயது 36. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. உடன் பணிபுரிகிறவர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் நிதி திரட்டுகிறோம். இந்த முறை காது கேளாத பிள்ளைகளின் விடுதிக்காகப் பலகாரக் கடை போட்டோம். அம்மா மூட்டுவலியோடு இரண்டு நாள் உட்கார்ந்து 300 முந்திரிக்கொத்து செய்து கொடுத்தார்கள். ஒன்று 20 ரூபாய், எல்லாம் விற்றுவிட்டது. ஆனால் பணம் ஒப்படைக்கும் விழாவில் மேலாளர் எல்லோர் பெயரையும் வாசித்துவிட்டு என் பெயரை மட்டும் விட்டுவிட்டார். மனம் ஆறவில்லை. குழுவிலிருந்து விலகிவிடலாமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, மேடையில் பெயர் விட்டுப்போன வருத்தத்தோடு எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. அந்த வருத்தத்துக்கு நான் மருந்து போடப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரி. 'அம்மா மூட்டுவலியோடு இரண்டு நாள் உட்கார்ந்து' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது.

முந்திரிக்கொத்து எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? சிறுபயறை வறுத்து, உடைத்து, தோல் புடைத்து, மாவாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுக்க வேண்டும். பாகு ஊற்றியதும் சூட்டோடு சூடாக உருட்ட வேண்டும். ஆறினால் உருண்டை பிடிக்காது, உதிர்ந்துவிடும். உள்ளங்கை சிவந்து எரியும். அதற்குப் பிறகுதான் மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் போடுவது. முந்நூறு கொத்து என்றால் தொள்ளாயிரம் உருண்டை, தம்பி. அந்த இரண்டு நாளும் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை.

பணக் கணக்கையும் பார்ப்போம். 300 கொத்து, 6,000 ரூபாய். பயறு, வெல்லம், தேங்காய், எண்ணெய், அடுப்புக்கு கேஸ், இதற்கெல்லாம் யார் கொடுத்தது? குழு கொடுத்ததாகவும் நீங்கள் எழுதவில்லை, நீங்கள் கொடுத்ததாகவும் எழுதவில்லை. அப்படியானால் அது வீட்டுச் செலவில் போயிருக்கிறது. வாங்கியவர்கள் 20 ரூபாய்க்குப் பலகாரம் தின்றார்கள். நீங்கள் கடையில் நின்று விற்றீர்கள். நன்கொடை கொடுத்தது உங்கள் அம்மா.

நீங்கள் அடிக்கடி கடக்கிற சுலோச்சன முதலியார் பாலத்தை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணியைப் படகில் கடந்துகொண்டிருந்த காலத்தில், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டவைத்தார், 1843-இல் திறந்தார்கள். மனைவியின் நகைகளும் அதில் போயின என்று ஊரில் சொல்வார்கள். அவர் பெயர் இன்றும் பாலத்தில் நிற்கிறது, நிற்க வேண்டிய பெயர்தான். நகையைக் கழற்றிக் கொடுத்தவர் பெயரைக் கேட்டால் நெல்லையில் எத்தனை பேர் சொல்வார்கள்? உங்கள் வீட்டிலும் அதுதானே நடந்திருக்கிறது? உங்கள் பெயர் விட்டுப்போனதற்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை. அந்த விழாவுக்கு அவர்களை அழைத்துப்போனதாகவும் தெரியவில்லை.

அலுவலகத்தில் சேர்ந்து செய்கிற தர்மத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது சோற்றுப் பொட்டலம் கட்டியவை இப்படிச் சேர்ந்த கைகள்தான். ஆனால் வீட்டில் ஒருவர் முதுகில் சுமையை ஏற்றிவிட்டு வெளியில் அதற்குப் பெயர் தேடுவதைத் தர்மம் என்று என்னால் சொல்ல முடியாது. பெற்றவள் மறுக்கமாட்டாள் என்பது தெரிந்துதானே கேட்டீர்கள்? மறுக்கத் தெரியாதவர்களிடம் கேட்கும்போதுதான் அளந்து கேட்க வேண்டும்.

குழுவிலிருந்து விலக வேண்டாம். விலகினால் விடுதிப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். அடுத்த முறை பலகாரம்தான் என்று முடிவானால் சாமான் செலவைக் குழுக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். உருட்ட ஆள் வேண்டுமென்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமை உங்கள் அலுவலகத்து ஆண்பிள்ளைகள் நாலு பேரை வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவையுங்கள். அம்மா நாற்காலியில் இருந்து பாகுப் பதம் மட்டும் சொல்லட்டும்.

அதற்கு முன்னால் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த மூட்டுவலிக்கு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு. வருகிற வழியில் அந்த விடுதிக்கும் போய், முந்திரிக்கொத்து செய்தது இவர்கள்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கைச்சாடையில் சொல்லும்படி அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.