ஒழுகும் கூரையும் ஓதமேறிய சுவரும்: வடசென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

ராயபுரம்: ஐயா, எங்கள் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு ஐப்பசி பிறந்தாலே ஒழுகுகிறது. மேலே சிமெண்ட் கான்கிரீட் போடலாமா?

வேண்டாம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்த கூரை அது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் விட்டுவிடும். சிமெண்டால் மூடினால், விரிசல் வழியே புகுந்த நீர் மேலே ஆவியாக வழியின்றி, கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் போய்த் தங்கும். அப்படி மூடிய ஒரு வீட்டில் அந்த முனையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். மேலே பெயிண்ட் பளபளக்க, திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது.

திருவொற்றியூர்: கடலோர வீடு. கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது.

உப்புக்காற்றில் துருவேறிய கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பூச்சை மட்டும் பூசி மறைக்காமல், பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை: சுவரில் ஓதம். எந்த பெயிண்ட் நல்லது?

நீர் வரும் வழியை அடைக்காமல், சுவர் காயாமல், எந்த பெயிண்டும் நிற்காது. மார்கழிப் பனியில் மாடிப் பூச்சும் ஒட்டாது. மாசி வரை பொறுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: நாங்கள் மெட்ராஸ் டெரஸ் மேல் 3 அங்குலம் கான்கிரீட் போட்டு ஆறு வருடமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையென்றால், நீங்கள் ஏற்றிய 3 அங்குலத்தின் எடை மட்டும் சுமார் 2 டன். அதை ஆறு வருடமாகச் சுமப்பவை தாத்தா காலத்துக் கட்டைகள். ஒழுகவில்லை என்பதற்கும் நனையவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வியாசர்பாடி: 2023 மிக்ஜாம் புயலில் போலவே சம்ப்புக்குள் தெருவெள்ளம் புகுந்துவிட்டது.

முழுவதும் இறைத்து, வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடிய சம்ப்பைச் சிறிது நேரம் திறந்து வைக்காமல் யாரையும் உள்ளே இறக்க வேண்டாம். புதுநீர் நிரப்பியபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குடிப்பதற்குக் காய்ச்சியே ஆக வேண்டும்.

பெரம்பூர்: ஓதத்துக்கு எந்த பெயிண்ட்?

கொருக்குப்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தண்டையார்பேட்டை: ஈரச்சுவரில் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்று எங்கே இருக்கிறார்?

நியாயமான கேள்வி, அரிதாகத்தான் கிடைக்கிறார். கிடைக்கும்வரை, நீர் வெளியேறும் துவாரத்தின் குப்பையை எடுங்கள். தட்டோட்டு இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: சரி ஐயா, எங்கள் கட்டை முனைகளை எப்படிச் சோதிப்பது?

சுவரை ஒட்டி ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்கும் கட்டைக்குக் கீழே அன்றே முட்டுக் கொடுத்துவிட்டு, பொறியாளரை அழையுங்கள்.