மூன்று பேரிடம் காசு இருக்கிறது, நாலாவது ஆளிடம் இல்லை

கேள்வி: நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வயது 24. ஒரு சரக்கு ஏஜென்சியில் பில்லிங் பார்க்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் நாலு பேர் ஒன்றாகவே சுற்றுகிறவர்கள். வருகிற ஜனவரியில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று 16 நாள் போய்வர ஆசை. தலைக்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். எங்களில் ஒருவன் காசிமேட்டில் விசைப்படகில் வேலைக்குப் போகிறவன். அவனிடம் அவ்வளவு பணம் இல்லை. “நாங்க போடுறோம், அப்புறம் கொடு” என்றால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறான். மற்ற இருவரும் “அவன் வரலன்னா விடு, நாம போலாம்” என்கிறார்கள். இதற்கு நடுவே, மியான்மரில் நம் ஊர்ப் பையன்களை அடைத்து வைத்த செய்தியைப் பார்த்துவிட்டு அப்பா என் பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை 21

பதில்: தம்பி, பீரோ சாவியைப் பிறகு பார்ப்போம். அது சுலபம். உங்கள் கூட்டாளி விஷயம்தான் கஷ்டமானது.

“சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறான்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவன் பதில் சொல்லிவிட்டான், உங்களுக்குத்தான் காதில் விழவில்லை. உங்களிடம் கடன்பட்டு ஊர் சுற்ற அவனுக்கு இஷ்டம் இல்லை. நீங்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் பினாங்கில் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நாலு பேரும் நிற்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருத்தன் இறால் சொல்கிறான், ஒருத்தன் நண்டு. அவன் மட்டும் பலகையில் இருக்கும் ரிங்கிட் விலையை மனசுக்குள் இருபதால் பெருக்கிக்கொண்டு நிற்கிறான். “எனக்குப் பசிக்கல மச்சான்.” கூடை கூடையாக இறாலை ஏலத்துக்கு இறக்குகிற பையன் அவன். மறுநாள் எந்த பஸ், எந்த ரூம் என்ற பேச்சில் வாயே திறக்க மாட்டான். காசு உங்களுடையது, அவன் எப்படி அபிப்பிராயம் சொல்வான்? ஊர் திரும்பிய பிறகு, கொடுக்க முடியாத மாதம் ஒன்று வரும். அந்த மாதம் டீக்கடைப் பக்கமே வரமாட்டான்.

அதனால் கடனை மறந்துவிடுங்கள். எவ்வளவு முடியும் என்ற தொகையை அவன் சொல்லட்டும். அந்தத் தொகைக்குள் அடங்குகிற பயணத்தை நாலு பேரும் போங்கள்.

மற்ற இருவரும் முறுக்கிக்கொள்வார்கள், தெரியும். அவர்களிடம் உங்கள் திட்டத்தையே எடுத்துப் போட்டுக் காட்டுங்கள். 16 நாளில் 4 நாடு என்றால் பாதி நாள் பஸ்ஸிலும் விமான நிலையத்திலும் இமிகிரேஷன் வரிசையிலும்தான் கழியும். செலவும் அங்கேதான் போகும். கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் 2025 ஜூலையில் சண்டை மூண்டதிலிருந்து தரைவழி எல்லையை நம்பித் திட்டம் போட முடியாது. விமானத்தில்தான் தாண்ட வேண்டும், அதற்கு ஒரு டிக்கெட். வியட்நாமுக்கு மின்விசா 25 டாலர், அப்புறம் போக ஒரு டிக்கெட். இந்த இரண்டு நாட்டையும் வெட்டினாலே கணக்கு இறங்கிவிடும். மலேசியாவுக்கு 2026 முடியும் வரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம், 30 நாள் தங்கலாம். தாய்லாந்தும் 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் என்று திறந்துவிட்டது. ஆனால் இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், டிக்கெட் போடுவதற்கு முந்தின நாள் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு நாட்டுக்கும் இறங்குவதற்கு முன் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் அரசுடையது இல்லை.

நானாக இருந்தால் இப்படிப் போவேன். சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கினார்கள், அதில் ஏறுவேன். அங்கே ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்று ஒன்று இருக்கிறது. பை மாட்டிய பையன்கள் தங்குகிற மலிவான விடுதிகள் அந்தப் பக்கம்தான் அதிகம். பெயரே நம் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களால் வந்தது. பக்கத்திலேயே மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும். மண்ணடித் தெருக்களில் வளர்ந்த காலுக்கு அங்கே வழி கேட்கவே தேவைப்படாது. ராத்திரி நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் நாலு குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். எதை எடுத்தால் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பெரிய இறாலில்தான் பில் ஏறும்.

நாலைந்து நாள் கழித்து படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து லோக்கல் ரயிலில் பாடாங் பெசார். அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே ஒரு பக்கம் மலேசிய முத்திரை, அடுத்த பக்கம் தாய்லாந்து முத்திரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துவிட்டு சாயங்காலம் படுக்கை ரயிலில் ஏறினால் மறுநாள் பாங்காக். மேல் பெர்த் விலை குறைவு, ஏசி எலும்பைத் துளைக்கும், சால்வை வேண்டும். திரும்புவதற்கு பாங்காக்கிலிருந்து சென்னைக்கு விமானம். பத்து, பதினோரு நாள் போதும்.

சரி, ஜனவரி என்று நாள் குறித்தது யார்? நிச்சயம் அவன் இல்லை. நீங்கள் லீவு எடுத்தாலும் சம்பளம் வரும். அவன் கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு கிடையாது. ஆக, அவனுக்கு மட்டும் இது இரட்டைச் செலவு. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவன் கரையில் இருக்கப்போவது அப்போதுதான். படகு ரிப்பேர், வலை வேலை இருக்கும், உண்மைதான். பத்து நாள் மட்டும் வேண்டும் என்று முன்கூட்டியே முதலாளியிடம் கேட்டால் ஜனவரியைவிட ஏப்ரலில் விடுவார். வீட்டுக்கும் அந்த இரண்டு மாதச் செலவுக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் அவன் தொகை சொல்ல வேண்டும், அதை அவசரப்படுத்தாதீர்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்கிரான் புத்தாண்டுக் கூட்டம், ரயில் கிடைக்காது, ரூம் விலை ஏறும். அது முடிந்து, மே மாத மழைக்கு முன்னால், ஏப்ரல் கடைசி வாரம் சரியாக இருக்கும். வெயில் கொளுத்தும். தண்டையார்பேட்டையில் மட்டும் என்ன, அப்போது பனியா பெய்கிறது?

பணத்தை இப்போதிலிருந்தே பொதுவில் சேருங்கள். மாதாமாதம் ஒரே தொகை என்று கட்டாயம் வைக்காதீர்கள். மீன்பாடு நன்றாக விழுந்த வாரம் அவன் கூடப் போடுவான், காற்று அடித்த வாரம் போட மாட்டான். அங்கே போனதும் சாப்பாடு, படுக்கை, பஸ் மூன்றும் பொதுப் பணத்தில். பீர் அவரவர் பாக்கெட்டில். நிறைய நட்பு இந்த ஒரு வரியில்தான் தப்பிக்கிறது. தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டு போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். நாலு பேர் நாலு முறை எடுக்காமல் ஒருவர் மொத்தமாக எடுங்கள். “இந்திய ரூபாயில் கணக்கிடவா” என்று மெஷின் அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், உள்ளூர்ப் பணத்திலேயே கழியட்டும்.

பைக் வாடகைக்கு எடுக்கிற யோசனை வரும், வராமல் இருக்காது. வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்காமல் எடுக்காதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகியவராக இருக்கலாம். அனுமதி இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு ஒரு ரூபாய் தராது. அடமானமாக பாஸ்போர்ட்டைக் கேட்கிற கடையில் நிற்கவே வேண்டாம்.

இனி அப்பா. அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. டேட்டா என்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஆசை காட்டி பாங்காக்கில் இறக்கி, அங்கிருந்து காரில் மே சோட் எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைத் தாண்டி மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022ல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை அனுப்பியது வேலை ஏஜென்ட் என்பதை அப்பாவுக்கு விளக்குங்கள். நீங்களும் நினைவில் வையுங்கள். விடுதியில் சிநேகமாகிற யாராவது “ஒரு வாரம் வேலை இருக்கு, நல்ல காசு” என்றால் அன்றைக்கே ரூம் மாறுங்கள்.

அவரிடம் வாதாடாதீர்கள், காகிதத்தைக் காட்டுங்கள். போக வர டிக்கெட், ஒவ்வொரு ராத்திரியும் தங்குகிற முகவரி, மற்ற மூவரின் வீட்டு போன், கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தின் எண், பாங்காக் தூதரகத்தின் எண். இமிகிரேஷனிலும் இதையேதான் கேட்பார்கள். தாய்லாந்தில் செலவுக்குப் போதுமான பணம் இருப்பதைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். இத்தனை மணிக்கு போன் வரும் என்று வாக்குக் கொடுத்தால் அதைத் தவறவிடாதீர்கள். ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பெரியவர் யாராவது வீட்டுக்கு வந்தால் பினாங்கு கப்பலைப் பற்றிப் பேச்சை எடுங்கள். 1985ல் தீப்பிடிக்கும் வரை எம்.வி. சிதம்பரம் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. யாருக்காவது ஒரு மாமா அதில் போயிருப்பார். உங்களைவிட அவர் சொன்னால் எடுபடும். அதன் பிறகும் அப்பா சாவியைத் தரவில்லை என்றால் அம்மாவிடம் போங்கள். பீரோவை மட்டும் நோண்டாதீர்கள்.

இவ்வளவும் செய்து, உங்கள் கூட்டாளி அப்போதும் “இந்த வருஷம் வேணாம்டா” என்று சொல்லலாம். சொன்னால் விட்டுவிடுங்கள், மூன்று பேரும் போய் வாருங்கள். அவனுக்காக ரத்து செய்தால் அந்தப் பாரமும் அவன் தலையில்தான் விழும். ஆனால் பாஸ்போர்ட்டை இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். கட்டணம் 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் கையில் எடுத்துப் போகட்டும். அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள்.