சக்கரமா, சங்கிலிப் பட்டியா?

கேள்வி: போர்க்களத்தில் சக்கரக் கவச வாகனம் சிறந்ததா, சங்கிலிப் பட்டி பூட்டியதா? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: எதிரியின் பீரங்கிக்கு நேரே செல்வதாயின் பட்டியே என்பேன். படுவான்கரையின் ஈர வயலில் பட்டி பூட்டிய அறுவடை இயந்திரம் புதையாமல் நகர்வதையும், வீதியில் அதனையே லொறியில் ஏற்றிச் செல்வதையும் பார்த்திருப்பீர்கள்; காரணம் இங்கும் அதுவே. பட்டி எடையை அகலப் பரப்புவதால், 60 தொன்னைத் தாண்டும் ஏப்ரம்ஸ் போன்ற தாங்கிகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் அது எரிபொருளை விழுங்கும். கண்ணிவெடியில் பட்டி அறுந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்ட்ரைக்கர் என்ற எட்டுச் சக்கர அமெரிக்கக் கவச வாகனமோ நெடுஞ்சாலையில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஒரு சக்கரம் சிதைந்தாலும் பெரும்பாலும் நகரும். 2013இல் மாலியில் பிரெஞ்சுப் படையினர் சக்கர வாகனங்களோடு நெடுந்தூரம் விரைந்து முன்னேறினர். உக்ரைனின் பனி உருகும் காலத்துச் சேறு வேறு கதை; அங்கே சக்கரம் புதையும்.