மொட்டைக்கறுப்பனின் நிறம்

அன்புள்ள அண்ணா,

பூநகரியில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசி, ஒடியல் மா, பனங்கட்டி விற்கிறோம். இப்போது இணையத்தளம் ஒன்று தொடங்குகிறோம். பனைமரம், வயல், சூரியன், கும்பிடும் கைகள் எல்லாம் போட்டு ஒருவர் லோகோ செய்து தந்திருக்கிறார். பச்சை, சிவப்பு, நீலம், எழுத்துக்கு மஞ்சள். கணினியில் வடிவாக இருக்கிறது, போனில் ஒன்றும் விளங்கவில்லை. லோகோவையும் பையில் ஒட்டிய லேபலையும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

படத்தைப் பிரவுசரின் மேல்பட்டையில் வரும் அளவுக்குச் சின்னதாக்கிப் பார்த்தேன். அந்த இடம் 16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம்தான். பனையும் வயலும் சூரியனும் சேர்ந்து ஒரு பச்சைப் பொட்டாகிவிட்டன. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் வடக்கில் பனைமரம் போடாத பொதியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும், அதனால் பனையை விடலாம். பனங்கட்டி வைக்கிற குட்டானை எடுங்கள். ஓலை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அந்தக் கட்டத்தை நாலைந்து கோட்டில் வரைந்துவிடலாம், எவ்வளவு சின்னதாக்கினாலும் நிற்கும்.

நிறத்துக்கு வெளியே தேடி அலையவேண்டாம். ஒரு பிடி அரிசியை வெள்ளைத்தாளில் கொட்டி, யன்னலோரம் வைத்துப் பாருங்கள். அந்தச் சிவப்பில் அடர்த்தியானது உங்கள் நிறம். பின்னணிக்குக் காய்ந்த ஓலையின் வெளிறிய நிறம், எழுத்துக்குக் கறுப்பு. மூன்று போதும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்பது இணையத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. வெள்ளையில் பளிச்சென்ற மஞ்சள் 1.1-ஐக்கூட எட்டாது. வெயிலில் நின்று போனைப் பார்க்கிற ஒருவருக்கு உங்கள் பெயரே தெரியாது.

இதையெல்லாம்விட என்னை வருத்தியது லேபலில் உள்ள எழுத்துத்தான். "மொட்டை" என்பதில் மகரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது, 'டை'யும் அப்படியே. பழைய போட்டோஷொப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தெரிவு செய்யாமல் தட்டினால் இப்படித்தான் உடையும். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் அதை மாற்றச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. நம்முடைய நெல்லின் பெயரை நாமே உடைத்து விற்கக்கூடாது.

தளத்தில் பாமினி எழுத்துருவும் வேண்டாம். அப்பாவின் விதைக்கடைக்குத் தளம் செய்தபோது, செய்தவர் எல்லாவற்றையும் பாமினியில் தட்டித் தந்தார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு அது. அவருடைய கணினியில் தமிழாகத் தெரிந்தது, வாங்குபவரின் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். முறையிட்டதும் எல்லாச் சொல்லையும் படமாக்கிப் போட்டுவிட்டார். படத்துக்குள் கிடக்கும் சொல்லைத் தேடுபொறி வாசிக்கும் என்று நம்பமுடியாது. விதைநெல் தேடி அந்தத் தளத்தின் வழியாக ஒருவர்கூட அப்பாவிடம் வந்துசேரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் பொறுக்காது.

எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையில் தட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், வியாபாரத்துக்கும் பாவிக்கலாம். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள், எழுத்தளவைப் போல 1.6 மடங்கு என்றால் நல்லது. 'ளூ'வின் வாலும் கீழ்வரியில் உள்ள 'ணீ'யின் சுழியும் முட்டினால் வாசிக்கிறவர் களைத்துப்போவார்.

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. காலை வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அப்புறம், லோகோவை எஸ்விஜி கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு பெரிதாக்கிச் சாக்குப் பையில் அடித்தாலும் ஓரம் மங்காது.

உங்கள் நால்வரில் கையெழுத்து வடிவானவர் யாரோ, அவர் ஒரு தடித்த பேனையால் "மொட்டைக்கறுப்பன்" என்று வெள்ளைத்தாளில் பத்துத் தரம் எழுதட்டும். அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். அதில் நல்லதைத் தெரிவுசெய்து லோகோவுக்கு ஏற்றபடி வரைந்து தருவது என் பொறுப்பு.

அன்புடன்,
அண்ணா