ரன் அப்படின்னா ஓடுறது மட்டும்தானா?

ரன்னுன்ற இங்லீஷ் வார்த்தைய ஓடுறதத் தவிர வேற எங்கெல்லாம் யூஸ் பண்ணலாம்னு கேட்டிருக்கீங்க. தண்டையார்பேட்டைல சாயங்காலம் பசங்களுக்கு ஸ்போக்கன் இங்லீஷ் எடுக்குறேன், எனக்கு ரொம்பப் புடிச்ச வார்த்தை இது. ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய டிக்‌ஷனரில இந்த வெர்புக்கு மட்டும் 645 அர்த்தம்னு 2011 வாக்குல சொன்னாங்க. பயந்துடாதீங்க, அதுல நெறைய நம்ம வாய்ல ஏற்கெனவே இருக்குறதுதான்.

மோட்டார் ஓடுது, கும்மிடிப்பூண்டி ட்ரெயின் லேட்டா ஓடுது, அகஸ்தியா தியேட்டர் இருந்தப்போ அங்க படம் நூறு நாள் ஓடும், இதெல்லாம் அப்படியே ரன்தான். நம்மகிட்ட ஓடு, ஓட்டுன்னு ரெண்டு இருக்கு பாருங்க, இங்லீஷ்ல நெறைய எடத்துல ரெண்டுக்கும் இது ஒண்ணே போதும். எங்க தெருமுனைல ஒரு அக்கா ஒத்த ஆளா இட்லிக் கடைய ஓட்டிக்கினு இருக்காங்க, அத சொல்லச் சொன்னா பசங்க கடை வெச்சிருக்காங்கன்றத மனசுல வெச்சு "ஷீ இஸ் கீப்பிங் ஷாப்"ன்றாங்க, "ஷீ ரன்ஸ் அன் இட்லி ஷாப்"னு சொல்லுங்க, அவ்ளோதான். ஆனா "கடை நல்லா ஓடுது"ன்றதுக்கு மட்டும் "டூயிங் வெல்"னு போடுங்க, அதுதான் அவங்க பேசுற மாதிரி வரும்.

நாம ஓடுன்னு சொல்லாத எடத்துலதான் கவனம் வேணும். நமக்கு மூக்கு ஒழுகும், அவங்களுக்கு "நோஸ் இஸ் ரன்னிங்". நமக்கு ட்ரெயின்தான் லேட்டா ஓடும், அங்க மனுசனும் ஓடுவான், வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டுல சும்மா நின்னுக்கினே "ஐயாம் ரன்னிங் லேட்"னு மெசேஜ் போடலாம், தப்பே இல்ல. எலக்‌ஷன்ல நிக்கிறதக் கூட அமெரிக்காக்காரங்க ரன்னுன்றாங்க, பிரிட்டன்ல நம்மள மாதிரியே நிக்கிறதுதான், ஸ்டாண்ட்.

ரன் அவுட்னா நம்ம பசங்களுக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். வீட்ல கேஸ் தீந்துபோனாலும் அதான், "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஸ்". அந்த ஆஃப் ரொம்ப முக்கியம், விட்றாதீங்க. அப்புறம் ஹேவ், ஹேஸ் வந்தா பின்னாடி ரன்தான் வரும், ரேன் வராது. நேத்து ஓடுனேன்னு சொல்றப்போ மட்டும் "ஐ ரேன்".